மலைப்பலகையைத் திறந்து வைக்க வரும் ஆட்சியர் அவர்களுக்கு

அனுப்புநர்:
கு. அழகுத்தாய் (வயது 18),
த/பெ. குருசாமி,
மேல் லயம், நரிப்பாறை எஸ்டேட்,
சாந்தன்பாறை வழி, இடுக்கி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
பைனாவு, இடுக்கி மாவட்டம்.

பொருள்: நரிப்பாறை அரசு மேல்நிலைப்பள்ளி – மாணவர்கள் நடத்திவந்த 'மலைப்பலகை' இணையதளத்தைப் பறித்துக்கொண்டது – மாணவன் பெ. பாண்டி மீது பொய்ப்புகார் அனுப்பிப் பள்ளியை விட்டு விரட்டியது – முதல்வர் திரு. ராஜசேகர் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் பெயர் அச்சிட்ட பள்ளி விழா அழைப்பிதழ்.

மதிப்பிற்குரிய ஐயா,

நேற்றுடன் எனக்குப் பதினெட்டு வயது நிரம்பியது. வீட்டில் கேசரி கிண்டினார்கள். அதைச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு இம்மனுவை எழுத உட்கார்ந்தேன். இதை நான் ஆடி மாதமே எழுதியிருக்க வேண்டும். அப்போது எங்கள் முதல்வர் அவர்களிடம் நேரில் போய், உங்கள் மேல் மேலிடத்துக்கு மனு கொடுக்கப் போகிறேன் என்று சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "பதினெட்டு ஆகாத புள்ள குடுக்குற மனுவ எவன் கையில வாங்குவான்? வயசு வந்ததும் வா" என்றார். அப்படி ஒரு சட்டம் கிடையாது என்று பின்னால்தான் தெரிந்தது. ஆனாலும் அவர் சொன்ன வார்த்தையை மதித்துக் காத்திருந்தேன். இப்போது வயது வந்துவிட்டது. நானும் வந்துவிட்டேன்.

நான் இன்னும் அவர் பள்ளியில்தான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். என் செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணும் நன்னடத்தைச் சான்றிதழும் அவர் கையெழுத்துக்குக் காத்திருக்கின்றன. அது தெரிந்தேதான் எழுதுகிறேன் என்பதைத் தாங்கள் முதலிலேயே அறிந்துகொள்ள வேண்டுகிறேன்.

1. எங்கள் பள்ளியின் கணினி அறையில் அரசு கொடுத்த கணினிகளும் இணைய இணைப்பும் உள்ளன. அந்த இணைப்பில் அனுமதிக்கப்பட்ட சில தளங்கள் மட்டுமே திறக்கும். வேறு எதைத் தட்டினாலும் 'தடை செய்யப்பட்டது' என்று சிவப்பு எழுத்து வரும். சிறு பிள்ளைகள் படிக்கும் இடத்தில் கட்டுப்பாடு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் படிப்புக்குத் தேவையான தளம் எதுவானாலும் முதல்வர் எழுதிக் கேட்டால் சேர்த்துக் கொடுப்பார்கள் என்று கணினி ஆசிரியர் ஜின்சன் சார் சொல்லியிருக்கிறார். எங்கள் படிப்புக்காக முதல்வர் எதையும் எழுதிக் கேட்டதில்லை. கணினி அறையின் சாவி அவர் மேசையில் இருக்கும். பள்ளியிலேயே தடை இல்லாத கணினி ஒன்றுதான் உண்டு, அது அவர் அறையில் உள்ளது. அதில் கிரிக்கெட் தெளிவாக ஓடும்.

2. நரிப்பாறையில் படிப்பவர்களில் பெரும்பாலோர் ஏலத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள். நாங்கள் தமிழ் வழியில் படிப்பவர்கள். பள்ளிக்கு வரும் சுற்றறிக்கைகளோ மலையாளத்தில் வரும், அப்படியே அறிவிப்புப் பலகையில் குத்தப்படும். பேச எங்களுக்கு மலையாளம் தெரியும். அரசு எழுதும் மலையாளம் வேறு மாதிரி. சென்ற ஆண்டு தொழிலாளர் பிள்ளைகளுக்கான படிப்பு உதவித்தொகை அறிவிப்பு அந்தப் பலகையில் இருந்தது. என் வகுப்பு மாணவன் பாண்டி தினமும் அதன் கீழே நின்றுதான் கடலை கொறிப்பான். மலையாளப் பிரிவில் படிக்கும் எங்கள் தோழி ரிஞ்சு ஒருநாள் அதை வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எடா பாண்டீ, இது நினக்குள்ளதா. டேட்டு கழிஞ்ஞு போயி" என்றாள். அவனுக்கு உரியது, கடைசித் தேதியும் தாண்டிவிட்டது. பாண்டி கடலைத் தோலை ஊதிவிட்டு, "சரி விடு, அடுத்த வருசத்துப் புள்ளைகளாவது வாங்கட்டும்" என்றான். அவன் அப்படித்தான். என்னால்தான் அப்படி விட முடியவில்லை.

3. பலகையில் வருவதையெல்லாம் தமிழில் எழுதி ஓர் இணையதளத்தில் போட்டால் வீட்டிலிருக்கும் பெற்றோரும் பார்ப்பார்களே என்று பாண்டிதான் சொன்னான். முறைப்படி முதல்வரிடம் மூவரும் போய்க் கேட்டோம். மதிய இடைவேளையில் கணினி அறையைத் திறந்துவிட்டால் போதும், ஜின்சன் சார் உடனிருப்பதாகச் சொல்லியிருக்கிறார் என்றோம். "ஏலக்காட்டுப் புள்ளைகளுக்கு வெப்சைட்டு எதுக்குலே? போய்ப் பரிச்சைக்குப் படிங்க" என்றார். ஐயா, இதைச் சொன்னவர் வேற்றூர்க்காரர் அல்லர். எங்கள் எஸ்டேட்டிலேயே கீழ் லயம் என்ற தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர். ஏலக்காட்டுப் பிள்ளை.

4. ஆகவே பள்ளிக்கு வெளியே செய்தோம். பள்ளி விதி எதையும் மீறவில்லை. பள்ளிக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது, நாங்கள் கொண்டுபோகவில்லை. மாலை மணி அடித்தபின் ரிஞ்சு பலகையில் இருப்பதை வாசிப்பாள், நான் தமிழில் எழுதுவேன், பாண்டி அதை எடுத்துக்கொண்டு டவர் பாறைக்கு ஏறுவான்.

டவர் பாறையைப் பற்றித் தங்களுக்குச் சொல்ல வேண்டும். பெயரில்தான் டவர் இருக்கிறது, பாறையில் இல்லை. எங்கள் எஸ்டேட் பள்ளத்தில் கிடப்பதால் எந்த போனிலும் ஒழுங்காகச் சிக்னல் நிற்காது. பள்ளிக்குப் பின்னால் ஏலச்செடிகளைத் தாண்டி ஏறினால் ஒரு மொட்டைப் பாறை வரும். அதன்மேல் நின்றால் கீழே தேனி மாவட்டத்துப் போடி தெரியும். அங்கிருக்கும் தமிழ்நாட்டுக் கோபுரம்தான் எங்களுக்குச் சிக்னல் தருகிறது. நிற்பது கேரள மண்ணில்தான், ஆனால் போனுக்குத் 'தமிழ்நாட்டுக்கு நல்வரவு' என்று செய்தி வரும். பாண்டியின் அப்பா பெரியமுத்து மாமா ஜீப் ஓட்டுபவர், போடிக்கும் மலைக்கும் ஆள் ஏற்றி இறக்குபவர். அவர் போடியில் வாங்கிக் கொடுத்த சிம்தான் பாண்டியிடம் இருந்தது. மழையானாலும் பனியானாலும் அந்தப் பாறையில் தவறாமல் நெட் கிடைக்கும் சிம் அது ஒன்றுதான்.

5. தளத்துக்கு 'மலைப்பலகை' என்று பெயர் வைத்தோம். உதவித்தொகை, தேர்வு அட்டவணை, பழைய வினாத்தாள்கள், சாந்தன்பாறைக்குப் போகும் பேருந்து நேரம், மருத்துவ முகாம் எல்லாம் தமிழில் போட்டோம். காயை உலர்த்தித் தரம் பிரிக்கும் ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கும் பெண்கள்கூட மாலையில் "பலகையில என்ன போட்ருக்கு?" என்று கேட்கத் தொடங்கினார்கள். தமிழில் மனு எழுதி ஆட்சியருக்கே கொடுக்கலாம் என்ற செய்தியையும் அதில்தான் போட்டோம். முதல்வர் அதைப் படித்திருந்தால் இன்று கொஞ்சம் எச்சரிக்கையாக இருந்திருப்பார்.

6. இந்த ஆண்டு ஆனி மாதம் அடுத்த உதவித்தொகை அறிவிப்பு வந்தது. வழக்கம்போல் தமிழில் போட்டோம். அதன் கீழே, சுற்றறிக்கை பள்ளிக்கு வந்த தேதி என்று ஒரு வரி, பலகையில் குத்தப்பட்ட தேதி என்று ஒரு வரி எழுதினோம். முதல் தேதி அதன் முத்திரையிலேயே இருந்தது, இரண்டாவது நாங்கள் கண்ணால் பார்த்தது. இரண்டுக்கும் நடுவில் மூன்று வாரம் அது முதல்வரின் இழுப்பறையில் தூங்கியிருக்கிறது. நாங்கள் அவரைக் குறை சொல்லி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆனால் பெற்றோர் கூட்டத்தில் கேட்டுவிட்டார்கள். எஸ்டேட் பெண்கள் கேட்டால் எப்படிக் கேட்பார்கள் என்று தாங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். முதல்வர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். அந்த இரண்டு தேதிகளையும் போட்டது என் யோசனை, பாண்டியின் யோசனை அல்ல. இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

7. அடுத்த வாரம் முதல்வர் பாண்டியைத் தன் அறைக்கு அழைத்து, "நல்லாப் பண்றீங்களாம்ல, எனக்கும் காட்டு, பெர்மிஷன் வாங்கித் தாரேன்" என்று இனிக்கப் பேசினார். பாண்டி அவர் கணினியில் தளத்தின் உள்பக்கத்தைத் திறந்து காட்டினான். செய்திகள் எந்த ஊரிலிருந்து ஏற்றப்படுகின்றன என்று அதில் காட்டும். தேனி என்று இருந்தது. ஜின்சன் சாரும் அங்கே நின்றிருந்தார். "தேனி காணிக்கும் சார், டவர் பாறையிலேர்ந்து ஏத்துறதுனாலயாக்கும்" என்று அவரே விளக்கமும் சொல்லியிருக்கிறார். முதல்வர் அதில் முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டார். பின்பாதியை விட்டுவிட்டார்.

8. இப்போது நான் எழுதப்போவதை என்னால் இன்றைக்கும் நிதானமாக எழுத முடியவில்லை. தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆடி மாதம் காற்றும் மழையுமாக அடித்ததில் சாலையில் மரம் விழுந்து பள்ளியின் இணையக் கம்பி அறுந்துபோனது. அந்த வாரம் முழுக்கப் பள்ளியில் இணையம் இல்லை. ஒருநாள் பள்ளி விட்டபின் பாண்டி வழக்கம்போல் பாறையில் இருந்தான். முதல்வர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்திருக்கிறார். தன் போனை நாலா பக்கமும் தூக்கிக் காட்டியிருக்கிறார், ஒரு கோடும் விழவில்லை. பிறகு பாண்டியைப் பார்த்து, "ஏலே, உன் நெட்ட கொஞ்சம் போடு. அவசரமா ஒரு மெயில் அனுப்பணும்" என்றிருக்கிறார். பாண்டி உடனே ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தான். போன் நனையக் கூடாதே என்று தன் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தான். மெயில் போய்ச் சேரும் வரை அவன் நனைந்துகொண்டு நின்றான். அவர் அவன் தோளில் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

பாண்டி நேராக எங்கள் லயத்துக்கு ஓடிவந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "சாரே எங்கிட்ட நெட்டு கேட்டாரு புள்ள! குடைய நாந்தான் புடிச்சேன். இனிமே பெர்மிஷன் கெடச்ச மாதிரிதான்" என்றான். நானும் சந்தோஷப்பட்டேன். அவனுக்குக் கட்டங்காப்பி போட்டுக் கொடுத்தேன்.

அவர் அனுப்பியது என்னவென்று பிறகு காவல் நிலையத்தில் வாசித்துக் காட்டினார்கள். 'வெளிமாநிலத்தைச் சேர்ந்த சிலர் எம் பள்ளி மாணவர்களைப் பயன்படுத்தி, தேனி மாவட்டத்திலிருந்து ஓர் இணையதளத்தை இயக்கி, எல்லைப் பகுதியில் மொழிப் பகையைத் தூண்டிவருகிறார்கள். இதற்கு உடந்தையாக இருப்பவன் மாணவன் பெ. பாண்டி.' ஐயா, பாண்டி பிடித்த குடையின் கீழ் நின்று, பாண்டியின் நெட்டில், பாண்டியின் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறார்.

9. காவல் நிலையத்தில் எங்கள் மூவரையும் யாரும் கடிந்து பேசவில்லை. விசாரித்தார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், டவர் பாறை என்றதும் அங்கிருந்த ஏட்டு ஒருவர் சிரித்துவிட்டார். வழக்கும் பதியவில்லை. ஆனால் பாண்டியை அழைத்துப் போனது போலீஸ் ஜீப்பில். காலையில் வேலைக்குப் போகும் அத்தனை பேரும் பார்த்தார்கள். அவன் அப்பாவின் ஜீப்பில் ஏற வழக்கமாகக் காத்து நிற்பவர்கள் அவர்கள். அடுத்த நாள் அவர் ஜீப்பில் பாதி ஆள்தான் ஏறினார்கள். எங்கள் ஊரில் ஒரு குடும்பத்தைச் சாய்க்க இவ்வளவு போதும், அது கீழ் லயத்தில் வளர்ந்த முதல்வருக்கு நன்றாகவே தெரியும்.

10. அதற்கும் மேலே அவர் என் தகப்பனாரை அழைத்து, "வயசுக்கு வந்த புள்ள, பாறையில பயலுகளோட நிக்குதாம். நாலு பேரு நாலு விதமாப் பேசுறான். சொல்ல வேண்டியது என் கடமை" என்று சொல்லி அனுப்பினார். நான் பாறையில் ஏறியதே அபூர்வம், என் வேலை எழுதுவது. என் தகப்பனார் என் மேல் ஒருநாளும் கை நீட்டியதில்லை. அன்று அடித்தார். பிறகு அவரே ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். கன்னத்து வீக்கம் வடிந்துவிட்டது. என் தகப்பனார் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அந்த அடியை அனுப்பி வைத்தவர் மேல் இருக்கிறது, அது குறையும் என்று தோன்றவில்லை.

11. முதல்வர் பெரியமுத்து மாமாவையும் கூப்பிட்டனுப்பினார். "கேஸ் ஆச்சுன்னா ஒன் ஜீப்பு பெர்மிட்டே போயிரும். பையன் டிசிய வாங்கிட்டுப் போயிரு, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். இல்லாத வழக்கைச் சொல்லி அவரைப் பயமுறுத்தி, தன் விருப்பத்தின்பேரில் மாற்றுச் சான்றிதழ் பெறுவதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பாண்டி இப்போது போடியில் அவன் அத்தை வீட்டில் இருக்கிறான். ஏலக்காய் மண்டியில் காய் தரம் பிரிக்கிறான். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர் பதிவு செய்ய இம்மாதக் கடைசி வரைதான் அவகாசம் உள்ளது. எந்தப் பள்ளியிலும் பெயர் இல்லாத பிள்ளை எப்படிப் பதிவு செய்வான்? இந்த மனுவில் மற்ற எல்லாவற்றையும் தாங்கள் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

12. பாண்டி போனபின் முதல்வர் என்னையும் ரிஞ்சுவையும் அழைத்து, விசாரணைக்குத் தேவை என்று சொல்லி மலைப்பலகையின் கடவுச்சொல்லை வாங்கினார். போலீஸ் கேட்கிறது என்றார். போலீஸ் கேட்கவில்லை என்று பின்னர் நான் போய் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். தளத்தை மூடிவிடுவார் என்றுதான் நினைத்தோம். மூடவில்லை. மேலே பள்ளியின் பெயரும் நடுவில் அவர் புகைப்படமும் வந்தன. 'கருத்தும் உருவாக்கமும்: ராஜசேகர், முதல்வர்' என்று கீழே வந்தது. கணினி அறையிலும் இப்போது சிவப்பு எழுத்து இல்லாமல் அது திறக்கிறது. எங்களுக்காக ஒரு வரி எழுதிக் கேட்காதவர், தன் படத்துக்காக எழுதிக் கேட்டிருக்கிறார். மொழிப் பகையைத் தூண்டுவதாக அவர் புகார் செய்த அதே பக்கங்களை, எல்லைப்புற மாணவர்களுக்கு அவர் செய்த தமிழ்த்தொண்டு என்று வரும் 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை தாங்கள் மேடையில் பொத்தானை அழுத்தித் திறந்து வைக்க இருக்கிறீர்கள். அழைப்பிதழில் தங்கள் பெயருக்கு அடுத்த பெரிய எழுத்து அவருடையது.

13. நான் சொல்வதைத் தாங்கள் அப்படியே நம்ப வேண்டாம். சோதித்துப் பார்க்க வழி உள்ளது.

முதலாவது, அந்தப் புகார் மெயில் எந்தக் கோபுரத்தின் வழியே வந்தது என்று காவல் துறையைப் பார்க்கச் சொல்லுங்கள். தேனி மாவட்டம் என்றுதான் வரும். தேனிக் கோபுரம் வழியே வருவதெல்லாம் வெளிமாநிலச் சதி என்பது முதல்வரின் வாதம். அப்படியானால் அவர் வெளிமாநிலத்தவர், அவர் புகாரும் சதி. அவர் வைத்த அளவுகோலால்தான் அவரை அளக்கச் சொல்கிறேன்.

இரண்டாவது, தாங்கள் திறந்து வைக்கப்போகும் தளத்தில் 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தின் அடியில் ஒரு வரி இன்னும் இருக்கிறது. 'கனத்த மழையென்றால் புதிய செய்தி தாமதமாகும். பாண்டி பாறை ஏறணும்.' தளத்தைத் தானே உருவாக்கியதாகச் சொல்பவர் அதை ஒருமுறைகூடக் கடைசி வரை படித்துப் பார்க்கவில்லை. நேற்று மாலை பார்த்தபோதும் அந்த வரி அங்கேதான் இருந்தது. இம்மனுவின் நகல் அவர் கைக்குப் போனதும் அழித்துவிடுவார் என்பதால் படமெடுத்து இத்துடன் இணைத்துள்ளேன்.

மூன்றாவது, ஜின்சன் சாரைத் தனியே அழைத்துக் கேளுங்கள். நல்லவர், ஆனால் பயந்தவர். இந்தப் பள்ளியில் அவர் வேலை பார்க்க வேண்டும். தாங்கள் கேட்டால் சொல்வார்.

மேற்கண்டவற்றைக் கருதி நான் கேட்டுக்கொள்வன:

அ) பாண்டியின் மாற்றுச் சான்றிதழை ரத்து செய்து, பெயர்ப்பதிவு முடியும் முன் அவனைப் பன்னிரண்டாம் வகுப்பில் திரும்பச் சேர்க்க ஆணையிட வேண்டும். அவனை அழைத்துவரத் தனி வண்டி வேண்டாம். அவன் அப்பாவின் ஜீப் இருக்கிறது. அது பகலில், எல்லோரும் பார்க்க, ஸ்டோர் வழியாக வரட்டும்.

ஆ) பாண்டியின் பெயரை முதல்வர் காலை இறைவணக்கத்தில் ஒலிபெருக்கியில் சொல்லி, 'இப்படிப்பட்ட பிள்ளைகளோடு சேராதீர்கள்' என்று எங்களுக்கு அறிவுரை கூறினார். அதே இறைவணக்கத்தில், அதே ஒலிபெருக்கியில், தான் அனுப்பியது பொய்ப்புகார் என்றும், அதை யாருடைய நெட்டில் அனுப்பினார் என்றும் அவர் தம் வாயால் சொல்ல வேண்டும். என் தகப்பனாரிடம் சொன்னதையும் அங்கேயே திரும்பப் பெற வேண்டும். என் தகப்பனார் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் நிற்பார்.

இ) மலைப்பலகையின் கடவுச்சொல் எங்களிடம் திரும்ப வர வேண்டும். அவர் புகைப்படத்தை எடுத்துவிட அவரைச் சிரமப்படுத்த வேண்டாம். அதை நானே எடுத்துவிடுவேன்.

ஈ) துறை விசாரணை நடத்தி அவர் மீது விதிப்படி என்ன தண்டனை உண்டோ அதைக் கொடுக்க வேண்டும். ஆனால் இடமாற்றம் மட்டும் வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வேறு ஊருக்குப் போனால் அங்கே அவர் புதிய மனிதராகிவிடுவார். இங்கேயே இருக்கட்டும். காலையும் மாலையும் ஸ்டோர் வாசலைக் கடந்து பள்ளிக்குப் போகட்டும். எங்கள் பெண்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

உ) 24ஆம் தேதி விழாவைத் தாங்கள் ரத்து செய்ய வேண்டாம். கட்டாயம் வர வேண்டும். பொத்தானை அழுத்தும் முன், இதை உருவாக்கியது யார் என்று மட்டும் ஒலிபெருக்கியில் அவரிடம் கேளுங்கள். பதிலுக்காக அவசரப்படாமல் காத்திருங்கள். நாங்கள் அனைவரும் எதிரேதான் உட்கார்ந்திருப்போம்.

இந்த மனுவை எழுதுவது தெரிந்து, "நீதி வேண்டும்னு மட்டும் எழுது, பழி வாங்குற மாதிரி எழுதாதே" என்று என் அம்மா சொன்னார். போனில் பாண்டியிடமும் சொன்னேன். "விடு புள்ள. அவரும் நம்ம லயத்து ஆளுதான்" என்றான். அவனால் அப்படிப் பேச முடிகிறது. என்னால் முடியவில்லை. நான் பழி வாங்கத்தான் எழுதுகிறேன். ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு வரியும் உண்மை என்பதற்கு நான் பொறுப்பு.

கடைசியாக ஒரு விண்ணப்பம். இது ஐப்பசி தொடங்கும் நேரம், மத்தியானமானால் இடியும் மழையும் பிடித்துக்கொள்கிறது. தாங்கள் வரும் நாளிலும் பெய்யும். மழை பெய்தால் பள்ளியின் இணையம் நின்றுவிடும், எப்போதும் அப்படித்தான். தங்களை மேடையில் உட்கார வைத்துவிட்டு, பொத்தானை அழுத்தினால் திரையில் ஒன்றும் வராமல் முதல்வர் அவர்கள் வெளியே ஓடிவருவார். யாரிடம் நெட் இருக்கிறது என்று தேடுவார். பாண்டி அங்கே இருந்தால், கேட்ட உடனே கொடுத்துவிடுவான். குடையும் பிடிப்பான். ஆனால் போடிக்குப் புறப்பட்ட அன்று பாண்டி தன் சிம்மைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான், பலகைக்குத் தேவைப்படும் என்று. அது இப்போது என் போனில் இருக்கிறது. அவர் என்னிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் தர மாட்டேன்.

இடம்: நரிப்பாறை
நாள்: 14.10.2025

தங்கள் உண்மையுள்ள,
கு. அழகுத்தாய்

இணைப்பு: 'எங்களைப் பற்றி' பக்கத்தின் படம்.

நகல்: பள்ளி முதல்வர் திரு. ராஜசேகர் அவர்களுக்கு – நாளை காலை இறைவணக்கம் முடிந்ததும், என் கையால்.